மகனைப் பிரிந்த மாண்டிசோரி அம்மையார்

பட்டு நூலை வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்க முடியுமா?

முடியும் என்று செய்து காட்டினார் ஒரு பெண் டாக்டர். அவர் பிறந்தது இத்தாலியில். பாடம் சொன்னது பல தேசங்களில். ஆனால், பெற்ற மகன் உலகறிய அவருக்கு மகனாகக் கிடைத்தது நம் தமிழ்நாட்டில், சென்னை அடையாற்றில்!

அவர்தான் மரியா மாண்டிசோரி.

ஆரணியை அடுத்த பெரணமல்லூர், பட்டு நெசவு ஊர். தறி உள்ள வீட்டில் குழந்தை நூலைப் பார்த்தே வளரும். அப்பா தறியில் இருப்பார். அம்மா தார் சுற்றுவார். அறுந்து விழுந்த நூல் துண்டுகளைப் பொறுக்கிக் குழந்தை விளையாடும். அரக்கு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று பிரிக்கும். சற்று வளர்ந்ததும் அடர்ந்த பச்சை எது, வெளிறிய பச்சை எது என்றுகூடப் பிரித்துவிடும். அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தறி வீட்டில் இது விளையாட்டு. மாண்டிசோரி அம்மையார் இதையே பாடமாக வைத்தார். சின்னஞ்சிறு பலகைத் துண்டுகளின் மேல் பட்டு நூலையோ கம்பளி நூலையோ சுற்றினார். எட்டு நிறங்கள். ஒவ்வொரு நிறத்திலும் எட்டுச் சாயல்கள். மொத்தம் 64 துண்டுகள். அடர்ந்ததில் இருந்து வெளிறியது வரை குழந்தை அவற்றை வரிசையாக அடுக்க வேண்டும். தேர்ந்த குழந்தைகள் ஒரு துண்டை ஒரு தடவை பார்ப்பார்கள். பிறகு அறையின் மறுகோடிக்குப் போய், அதே சாயல் உள்ள துண்டைத் தப்பாமல் எடுத்து வருவார்கள்.

இதற்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு பச்சைகளுக்கு உள்ள வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, ப என்ற எழுத்துக்கும் ய என்ற எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பெரிய காரியமா?

பிண அறையில் தனியாக

1870-ம் ஆண்டு ஆகஸ்ட் 31-ந் தேதி, இத்தாலியில் கியாரவல்லே என்ற சிற்றூரில் மரியா பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ சர்க்கார் உத்தியோகஸ்தர். தாய் ரெனில்டே நன்றாகப் படித்தவர். மரியாவுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் ரோமாபுரிக்குக் குடியேறியது.

மரியாவுக்குக் கணக்கு என்றால் உயிர். ஆண் பிள்ளைகள் படிக்கும் தொழிற்பள்ளியில் சேர்ந்து படித்தார். என்ஜினீயர் ஆக நினைத்தார். பிறகு மனம் மாறி, டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றார். தந்தைக்குப் பிடிக்கவில்லை. தாய் மகளின் பக்கம் நின்றார்.

வைத்தியக் கல்லூரியில் மரியா ஒரு பெண். சுற்றிலும் ஆண்கள். பிணத்தை அறுத்துப் பார்க்கும் வகுப்பில் ஆண்களோடு ஒரு பெண் நிற்பது தகாது என்றார்கள். அதனால் எல்லோரும் போன பிறகு, பிண அறையில் அவர் தன்னந்தனியாக அந்தப் பாடத்தைப் படித்தார். 1896-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியில் வைத்தியம் படித்துப் பட்டம் வாங்கிய முதல் சில பெண்களில் அவரும் ஒருவர்.

ரொட்டித் துணுக்கு

டாக்டர் மாண்டிசோரிக்கு ரோமாபுரிப் பல்கலைக்கழகத்து மனநோய் மருத்துவமனையில் வேலை. அதற்காகப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்குப் போய் வருவார். அங்கே மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் பெரியவர்களோடு அடைத்து வைத்திருந்தார்கள்.

ஓர் இடத்தில், சாப்பாடு முடிந்ததும் குழந்தைகள் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை எடுத்து உருட்டுவதைப் பார்த்தார். சாப்பிட்ட பிறகும் பேராசையா என்று காவல்காரி சலித்துக்கொண்டாள். டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். வெறும் சுவர்கள். தொட்டுப் பார்க்க, கையால் பிடிக்க ஒரு பொருளும் இல்லை. அந்தக் குழந்தைகளின் பசி வயிற்றுப் பசியல்ல, கைப் பசி என்பது அவருக்குப் பட்டது.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன இத்தார், செகேன் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். 1900-ம் ஆண்டு ரோமாபுரியில் இக்குழந்தைகளுக்காக ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதன் பொறுப்பை மாண்டிசோரியும் மோண்டசானோ என்ற டாக்டரும் ஏற்றார்கள். தொட்டும் தடவியும் பொருத்தியும் பழகிய அக்குழந்தைகளில் சிலர், சாதாரணக் குழந்தைகள் எழுதும் சர்க்கார் பரீட்சையை எழுதித் தேறினார்கள்!

ஊரே வியந்தது. அம்மையாருக்கோ வேறு ஒரு கவலை. குறையுள்ள குழந்தைகளே இவ்வளவு தேறும்போது, குறையே இல்லாத குழந்தைகள் அவர்களைத் தாண்டிப் போகாமல் இருப்பானேன்? பள்ளிக்கூடம் அவர்களை என்ன செய்து வைத்திருக்கிறது?

சொல்ல முடியாத பிள்ளை

இதற்கு நடுவில் ஒரு துயரம் நடந்திருந்தது.

மாண்டிசோரியும் மோண்டசானோவும் காதலித்தார்கள். 1898-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி மரியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் மரியோ. இருவருக்கும் திருமணம் நடக்கவில்லை. அந்தக் காலத்து இத்தாலியில் மணமாகாமல் பிள்ளை பெற்ற பெண், டாக்டர் என்று தலை நிமிர்ந்து நடமாட முடியாது. குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தாரிடம் வளர்க்க விட்டார்கள். 1901-ம் ஆண்டு மோண்டசானோ வேறு ஒரு பெண்ணை மணந்தார். மரியா அந்தப் பள்ளியை விட்டே விலகினார்.

அவ்வப்போது கிராமத்துக்குப் போய் மகனைப் பார்ப்பார். நான்தான் உன் தாய் என்று சொல்ல மாட்டார். பார்த்துவிட்டுத் திரும்பி விடுவார்.

ஊர்க் குழந்தைகளுக்கு எல்லாம் வழி காட்டியவர் பெற்ற குழந்தையை விட்டு வைத்தாரே என்று குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. குறை சொல்வது எளிது. குழந்தையை வைத்துக்கொண்டிருந்தால் வேலை போயிருக்கும். பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது. இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல, அந்த இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கே உரிமை.

சுவரைக் காக்க வந்த பள்ளி

ரோமாபுரியில் சான் லொரன்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வசிக்கும் பகுதி. அங்கே ஒரு கம்பெனி பழைய வீடுகளைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டது. தாய் தந்தையர் வேலைக்குப் போனதும் சிறுசுகள் சுவர்களைக் கிறுக்கிக் கெடுத்தன. எல்லாரையும் ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டால் சுவராவது தப்பும் என்று கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தப் பொறுப்பு மாண்டிசோரியிடம் வந்தது.

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, குழந்தைகள் வீடு திறக்கப்பட்டது. மூன்று வயது முதல் ஆறு வயது வரை சுமார் 50 குழந்தைகள். உதவிக்குக் கிடைத்தவள் அந்தக் கட்டடத்துக் காவல்காரரின் மகள். ஆசிரியர் பயிற்சி பெற்றவள் அல்ல. அதுவே நல்லதாகப் போயிற்று. பழைய பள்ளிக்கூடப் பழக்கம் எதுவும் அவளிடம் இல்லை.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரத் துண்டுகளைக் குழிகளில் பொருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சரியான துண்டு சரியான குழியில்தான் போகும். அம்மையார் மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார். அவள் நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேஜை மேல் வைத்தார். துண்டுகளை மடியில் அள்ளிக்கொண்டு அங்கேயும் வேலையைத் தொடர்ந்தாள்! நாற்பது தடவைக்கு மேல் செய்தாள். பிறகு தூங்கி எழுந்தவள்போல் தெளிந்த முகத்தோடு எழுந்தாள்.

சின்னக் குழந்தைக்கு ஒரு நிமிஷம் மனம் நிற்காது என்று பெரியவர்கள் சொல்வதை அன்றோடு அம்மையார் நம்புவதை விட்டார்.

புகைபோக்கி

எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் எண்ணம் முதலில் அவருக்கு இல்லை. குழந்தைகளின் தாய்மார்கள்தான் வந்து கேட்டார்கள். அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. எங்கள் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள் என்று மன்றாடினார்கள்.

முன்பு வைத்திருந்ததுபோல் மரத்தில் கடைந்த எழுத்துக்கள் வேண்டும். செய்து தர ஆள் கிடைக்கவில்லை. தச்சர்கள் மரம் தேய்க்கும் உப்புத்தாளை வாங்கி எழுத்து எழுத்தாக வெட்டினார். அட்டையில் ஒட்டினார். எழுதுகிற திசையிலேயே குழந்தை விரலால் தடவ வேண்டும். தடவும்போதே அதன் ஒலியைச் சொல்ல வேண்டும். கண் பார்க்கும், காது கேட்கும், விரல் உணரும். ஓர் எழுத்தை மூன்று வழியில் பிடித்துக்கொள்ளும்.

சில வாரங்கள் போயின. டிசம்பர் மாதத்தில் ஒரு வெயில் நாள். மொட்டை மாடியில் குழந்தைகளோடு இருந்தார் அம்மையார். பக்கத்தில் ஐந்து வயதுப் பையன். ஒரு சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். பையன் தரையில் வரைந்தான். நன்றாக இருக்கிறது என்றார். அவன் ஒரு கணம் அவரைப் பார்த்தான். அடுத்த கணம், எனக்கு எழுதத் தெரியும் என்று கூவினான்! மண்டியிட்டுக் குனிந்து தரையில் கை என்று தன் பாஷையில் எழுதினான். பிறகு புகைபோக்கி என்று எழுதினான். பிறகு கூரை என்று எழுதினான்.

மற்றக் குழந்தைகள் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு சுண்ணக்கட்டி கேட்டார்கள். அதுவரை ஒரு சொல்லையும் எழுதாத குழந்தைகள் எழுதத் தொடங்கினார்கள். வீட்டில் கதவிலும் தரையிலும் எழுதினார்கள். சுவரைக் காப்பாற்றப் பள்ளி வைத்த கம்பெனிக்காரர்கள் என்ன நினைத்தார்களோ!

சைபர் தடவை வா!

கணக்குக்கும் கைதான் முதல். ஒன்றில் இருந்து பத்து வரை நீளம் ஏறிக்கொண்டே போகும் பத்துக் கட்டைகள். சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பூசியவை. ஒன்பதாம் கட்டையோடு ஒன்றைச் சேர்த்தால் பத்தாம் கட்டையின் நீளம். எட்டோடு இரண்டு, ஏழோடு மூன்று, ஆறோடு நான்கு என்று ஒவ்வொன்றும் பத்து. ஐந்து மட்டும் தனியாக மிஞ்சும். கூட்டல் வாய்ப்பாட்டைக் குழந்தை கையால் கட்டிவிடும்.

சைபர்தான் கஷ்டம். ஒன்றும் இல்லாததை எப்படிக் காட்டுவது? அம்மையார் ஒரு விளையாட்டு வைத்தார். ஒரு குழந்தையைப் பார்த்து, என்னிடம் சைபர் தடவை வா என்பார். குழந்தை ஓடி வந்துவிடும். நான் சைபர் தடவைதானே வரச் சொன்னேன், ஒரு தடவை வந்துவிட்டாயே என்பார். திரும்பத் திரும்ப விளையாடியபின் குழந்தைகள் புரிந்துகொண்டு, அசையாமல் நின்று சிரிப்பார்கள்.

நம் வீட்டில்

இவற்றுக்குப் பணம் வேண்டுமா? இன்று மாண்டிசோரி என்ற பெயர்ப் பலகையைக் கண்டால் பெற்றோர் முதலில் மணிபர்ஸைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அந்தப் பெயரை எந்தப் பள்ளியும் போட்டுக்கொள்ளலாம், தடை இல்லை. ஆனால், முறை பிறந்த இடம் வாடகை கொடுக்கத் திணறியவர்களின் வீடு.

45 புளியங்கொட்டைகளும் பத்துக் கொட்டாங்குச்சிகளும் போதும். சைபர் முதல் ஒன்பது வரை எண்களைச் சீட்டில் எழுதி, ஒரு கொட்டாங்குச்சிக்கு ஒரு சீட்டு வைக்கவும். குழந்தை அந்த எண்ணுக்குத் தக்கபடி கொட்டைகளைப் போடட்டும். சைபர் காலியாக இருக்கும். ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் 45. கொட்டை மிஞ்சினாலோ குறைந்தாலோ எங்கோ தப்பு. அதைக் குழந்தையே கண்டுவிடும். அப்பா அதட்ட வேண்டியதில்லை. அம்மையாரும் இதே கணக்கில் 45 கதிர்களை வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார்.

நூல் துண்டுகள் தறி வீட்டில் தாராளம். அட்டையில் சுற்றி, ஒரே நிறத்தில் ஐந்தாறு சாயல் சேர்த்தால் அடுக்கும் விளையாட்டு தயார்.

எழுத்துக்கு உப்புத்தாள் இல்லாவிட்டால் முறத்தில் மணல். நமக்கு இது புதிதல்ல. விஜயதசமியன்று நெல்லில் எழுத வைக்கிறோம். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதினார்கள். 1789-ல் சென்னை எழும்பூரில் அனாதைப் பள்ளிக்குத் தலைவரான ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் வைத்தார். சென்னை முறை என்ற பெயரில் இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார்.

தமிழில் 247 எழுத்துக்கள் என்று சொல்லிக் குழந்தையைப் பயமுறுத்த வேண்டாம். ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மடம் என்று எழுதலாம். ஒரு கால் சேர்ந்தால் பாடம், மாடம். அட்டையில் வெட்டிய எழுத்துக்களை அடுக்கியே குழந்தை சொற்களை உண்டாக்கலாம். பென்சில் பிறகு வரட்டும்.

படிப்பதற்கும் ஒரு விளையாட்டு உண்டு. குழந்தைகள் வீட்டில் அம்மையார் சீட்டுகளில் சிறு கட்டளைகள் எழுதித் தருவார். குழந்தை வாயைத் திறக்காமல் படித்து, அதன்படி செய்ய வேண்டும். கதவைச் சாத்தச் சொல்லி ஒரு சீட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஒரு சீட்டு என்று வீட்டில் எழுதிப் பாருங்கள். எழுதத் தெரியாத தாய், குழந்தை எழுதிய சீட்டைக் குழந்தையையே படிக்கச் சொல்லித் தானும் கற்கலாம்.

முசோலினியின் தயவு

1909-ல் அம்மையாரின் புத்தகம் வெளிவந்தது. பல மொழிகளில் பரவியது. 1912 டிசம்பரில் தாய் ரெனில்டே காலமானார். அதன் பிறகே, பதினைந்து வயது மரியோ அம்மாவோடு வந்து சேர்ந்தான். அப்போதும் வெளியாருக்கு அவன் உறவுக்காரப் பையன், அல்லது வளர்ப்பு மகன்.

1924 முதல் முசோலினி சர்க்கார் அவர் பள்ளிகளை ஆதரித்தது. அம்மையாரும் ஏற்றுக்கொண்டார். இது அவர் வாழ்வில் ஒரு கறை. தாமாக நடக்கக் கற்ற குழந்தைகளை வரிசையில் நிறுத்தி சல்யூட் அடிக்க வைக்கும் ஆட்சியோடு அவரால் எத்தனை நாள் ஒத்துப்போக முடியும்? பத்து ஆண்டில் முறிந்தது. 1934-ல் பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் நாஜிகளும் மூடினார்கள். ஸ்பெயினில் பார்சிலோனா நகரில் இருந்தார். 1936-ல் அங்கே உள்நாட்டு யுத்தம். அங்கிருந்து ஹாலந்து.

அடையாற்றில்

1931-ல் லண்டனில் காந்தியடிகள் அம்மையாரைச் சந்தித்திருந்தார். இந்தியாவிலும் அவர் பெயர் பரவியிருந்தது. அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939-ம் ஆண்டு இறுதியில் மகனோடு சென்னைக்கு வந்தார். வயது 69.

சுமார் 300 ஆசிரியர்கள் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார்கள். ஓலைக் கொட்டகையில் வகுப்பு. அம்மையார் இத்தாலிய பாஷையில் பேசுவார். பக்கத்தில் நின்று மரியோ இங்கிலீஷில் சொல்வார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் பிரிட்டிஷ் சர்க்காருக்கு எதிரிகள் ஆனார்கள். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாறு சபையின் எல்லையைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. தெரியாத தேசம். பாஷை சொல்ல மகன் இல்லை. பதினைந்து வருஷம் பிரிந்து, பிறகு கிடைத்த பிள்ளை மறுபடி பிரிந்தான்.

ஆகஸ்ட் 31-ந் தேதி அவருக்கு 70-வது பிறந்த நாள். வைசிராய் லின்லித்கோவிடம் இருந்து தந்தி வந்தது. பிறந்த நாளுக்கு என்ன பரிசு தருவது என்று யோசித்து, உங்கள் மகனைத் திருப்பி அனுப்புவதே சிறந்த பரிசு என்று முடிவு செய்தோம் என்பது அதன் சாரம்.

அந்தத் தந்தியில் மகன் என்றே எழுதியிருந்தது. மரியோவுக்கு அப்போது 42 வயது. உறவுக்காரன், வளர்ப்பு மகன் என்று அதுவரை சொல்லி வந்த பேச்சை ஒரு தந்தி மாற்றிவிட்டது.

யுத்தம் முடியும் வரை இருவரும் இந்தியாவை விட்டுப் போக முடியவில்லை. கொடைக்கானலில் சில காலம் தங்கினார்கள். அங்கே குழந்தைகளை மலை, ஓடை, செடி கொடிகளுக்கு நடுவே அழைத்துப்போய்ப் பாடம் சொன்னார்கள். அகமதாபாத், காஷ்மீர், இலங்கை என்று பயிற்சி வகுப்புகள் நடத்தினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள். 1946-ல் ஐரோப்பா திரும்பிய அம்மையார், அடுத்த ஆண்டே அடையாற்றுக்கு வந்துவிட்டார். பிறந்ததில் இருந்தே குழந்தையின் மனம் சுற்றியுள்ளதை எல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது என்று அவர் விளக்கிய புகழ்பெற்ற புத்தகம் 1949-ல் சென்னையில்தான் வெளிவந்தது.

அந்த ஆண்டு விடைபெற்றுப் போனார். 1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி ஹாலந்தில் கடலோர ஊரான நூர்ட்விக்கில், ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது பற்றி மரியோவோடு பேசிக்கொண்டிருந்தார். வயது 81. இந்த வயதில் அவ்வளவு தூரமா என்று மகன் தயங்கினார். அன்றே அம்மையாரின் உயிர் பிரிந்தது.

அவர் எழுதி வைத்த உயிலைப் பிரித்துப் பார்த்தார்கள். தம்முடையதை எல்லாம் மரியோவுக்கு விட்டிருந்தார். மரியோ யார் என்பதையும் எழுதியிருந்தார். என் மகன் என்று.